அப்பாவின் ஆக்ஸா பிளேடும் என் ஃபீலர் கேஜும்: ஸ்பார்க் ப்ளக் கேப்பை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

அப்பா டாக்சியாக ஓட்டியது அம்பாசடர் மார்க் 4. அவருடைய டூல்ஸ் பையில் விரல் நீளத்துக்கு ஓர் உடைந்த ஆக்ஸா பிளேடுத் துண்டு எப்போதும் கிடக்கும். பல்லை எல்லாம் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு வழவழவென்று வைத்திருப்பார். ப்ளக்கைக் கழற்றித் துடைத்து, அந்தத் துண்டை இடைவெளிக்குள் விட்டு இழுத்துப் பார்த்து, "லேசாச் சிக்கீட்டுப் போகோணும் கண்ணு, அப்பத்தான் கணக்குச் சரி" என்பார். கேப் கூடியிருந்தால் ப்ளக்கைக் கல்லில் ஒரு தட்டு. குறைந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நெம்பு. மூன்று நிமிடத்தில் நான்கு ப்ளக்கும் முடிந்துவிடும்.

பிறகு நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்தேன். மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்த புதிதில் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் அளக்கத் தோன்றும் இல்லையா, அப்படி ஒரு நாள் அப்பாவின் பிளேடையும் கொண்டுபோய் அளந்தேன். 0.64 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் ஆயிரத்தில் 25, பட்டறைப் பேச்சில் 25 தவ். அம்பாசடரில் அன்று இருந்தது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனி வழி வந்த 1489 சிசி இன்ஜின். அதற்குக் கம்பெனி சொன்ன ப்ளக் கேப்பும் அதே 25 தவ்தான். அதுவரை அப்பா செய்வதை நாட்டு வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்தது சரியான அளவுள்ள ஒரு கேஜ் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வம்பு வந்தது 2004இல், வீட்டுக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு மாருதி 800 வந்தபோது. 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. அப்பா அதே பிளேடை எடுத்துக்கொண்டு வந்தார். இந்த வண்டியின் புத்தகம் கேட்பதோ 0.7 முதல் 0.8 வரை. அரை நாள் வாக்குவாதம். கடைசியில் நான் ஃபீலர் கேஜ் (அளவு பொறித்த மெல்லிய எஃகு இலைகளின் கட்டு) வாங்கி வந்து, "இனிமே ப்ளக் வேலை என்னோடதுங்கப்பா" என்று வாங்கிக்கொண்டேன். அப்பா இப்போது இல்லை. வண்டி இருக்கிறது. பசுமை வரி கட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்து, இன்றைக்கும் வாரம் இரண்டு நாள் ஓடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன். அதை எப்படிச் செய்கிறேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ப்ளக்கில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி, அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான், பக்கத்திலிருந்து வளைந்து வந்து குச்சியின் தலைக்கு மேல் குடை பிடிக்கிற கொக்கி. குச்சியின் தலைக்கும் கொக்கியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் கேப். இக்னிஷன் காயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட் வந்து இந்த இடத்தில் பொறியாகத் தாவுகிறது.

தூரம் கூடினால் தாவுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். அது எல்லோருக்கும் புரிகிறது. பலர் யோசிக்காதது என்னவென்றால், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினாலும் அதிக வோல்ட் வேண்டும். சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் போகும்போது சிலிண்டருக்குள் போகிற கலவை குறைவு, அழுத்தமும் குறைவு. மேட்டில் முழுக்க மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்றும் பெட்ரோலும் போய் நசுங்குகிறது. கேப் அதிகமாக இருக்கிற ப்ளக் அங்கேதான் காலை வாரும். கேப் குறைவாக இருந்தால் தொந்தரவு வேறு மாதிரி. பொறி தவறாமல் விழும், ஆனால் மிகச் சின்னதாக விழும். இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கிற உலோகம் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிடித்த தீ பரவுவதற்குள் அணைந்துபோகும். சிக்னலில் நிற்கும்போது வண்டி உடம்பு நடுங்குவதற்கு இது ஒரு காரணம்.

கேப் அதிகமானால் என்ன ஆகும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு வருடம் மே மாதம் குன்னூருக்குப் போனோம். கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் ஒரு ஸ்பேர் கடையில் புது ப்ளக் மூன்று வாங்கி, டப்பாவைப் பிரித்து அப்படியே போட்டிருந்தேன். "கேப் எல்லாம் கம்பெனியிலயே செட் பண்ணித்தானுங்க்கா வருது, நீங்க கை வெக்கவே வேண்டாம்" என்று கடைக்காரத் தம்பி சொன்னதை நம்பிவிட்டேன். முப்பது வருடம் வந்த சரக்கையெல்லாம் அளந்து பார்த்துத்தான் உள்ளே விட்ட நான்! மேட்டுப்பாளையம் வரை வண்டி பட்டு மாதிரி போனது. கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும், செகண்ட் கியரில் காலை அழுத்தினால் வெட்டி வெட்டி இழுத்தது. காலை எடுத்தால் சரியாகிவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி வெட்டும். பெட்ரோல் வரவில்லை என்று நினைத்து ஓரங்கட்டி ஃபில்டரை எல்லாம் பார்த்தோம். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் திட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து ப்ளக்கைக் கழற்றினால், மூன்றிலும் கேப் 1.1. டப்பாவை எடுத்துப் பார்த்தேன். என்ஜிகே கம்பெனியின் பிபிஆர்5இஎஸ்-11 (BPR5ES-11) என்று போட்டிருந்தது. கடைசியில் உள்ள 11 என்பதுதான் கேப், அதாவது 1.1 மில்லிமீட்டர். என் வண்டிக்கு வேண்டியது அந்த 11 இல்லாத பிபிஆர்5இஎஸ். மரை, நீளம், சூட்டு நம்பர் எல்லாம் ஒன்றேதான். கேப் மட்டும் வேறு வண்டிக்கு உரியது. கம்பெனியில் செட் பண்ணி வந்தது என்று தம்பி சொன்னது பொய் இல்லை. எந்த வண்டிக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. முதல் பி (B) என்றால் 14 மில்லிமீட்டர் மரை. அதை அடுத்த இன்னொரு பி (P), பீங்கான் முனை வெளியே நீண்டிருப்பதைச் சொல்கிறது. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது, ரேடியோவில் கரகரப்பு வராது. 5 என்பது சூட்டு நம்பர். இ என்றால் மரை நீளம் 19 மில்லிமீட்டர். சூட்டு நம்பரில் ஒரு குழப்பம் உண்டு. என்ஜிகேயில் நம்பர் கூடக் கூட ப்ளக் குளிர்ச்சியானது, சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும். பாஷ் ப்ளக்கில் இது அப்படியே தலைகீழ், நம்பர் கூடினால் சூடானது. முன்பு நம் ஊரில் மைக்கோ என்ற பெயரில் வந்த ப்ளக்கும் பாஷ் கணக்குதான். அதனால் ஒரு கம்பெனி நம்பரை வைத்து இன்னொரு கம்பெனி ப்ளக்கைக் கேட்காதீர்கள். வண்டி மாடலையும், கார்புரேட்டரா எம்பிஎஃப்ஐயா (பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்புகிற இன்ஜெக்‌ஷன் வண்டியா) என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

அந்த 1.1 ப்ளக்கையே தட்டி 0.75க்குக் கொண்டுவந்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. செய்யக் கூடாது. வந்த அளவிலிருந்து 0.2 மில்லிமீட்டர் வரை கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் போனால் கொக்கி சாய்ந்துவிடும். அதன் அடிப்பக்கம் குச்சியின் தலைக்கு நேராக, தட்டையாக நிற்காது. ஒரு ஓரம் நெருங்கி, ஒரு ஓரம் விலகி நிற்கும். பொறி அந்த ஓரத்திலேயே விழுந்து அதையே அரிக்கும். மூன்று ப்ளக்கையும் தங்கை வீட்டு ஆல்ட்டோவுக்கு ஆகுமா என்று பார்த்தேன், அதற்கு ஸ்பேனர் அளவே வேறு. பழைய சாமான் டப்பாவில் கிடக்கின்றன.

இனி வேலைக்கு வருவோம். என்னென்ன வேண்டும் என்று பெரிய பட்டியல் இல்லை. ப்ளக் ஸ்பேனர், உள்ளே ரப்பர் பிடி உள்ளதாக இருந்தால் நல்லது. மாருதி 800க்கு 21 நம்பர், இப்போது வருகிற பல வண்டிகளுக்கு 16. ஒரு ஃபீலர் கேஜ் செட், 0.05இலிருந்து 1.00 வரை இருபது இலை உள்ளது போதும். சுத்தமான துணி, மாஸ்கிங் டேப், பேனா, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப். ஒரு சாண் நீளத்துக்குப் பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டு. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஆன்லைனில் நாணயம் மாதிரி வட்டமாக, ஓரத்தில் சரிவு வைத்து ஒரு கேஜ் விற்கிறார்கள். விலை குறைவுதான். ஆனால் அதைச் சுழற்றி உள்ளே நெருக்கும்போது, நாம் அளக்கிறோமா கொக்கியை நெம்பி விரிக்கிறோமா என்று நமக்கே தெரியாது. நான் அதைத் தொடுவதில்லை.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் உட்காருங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம். சூட்டோடு ப்ளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டிதான் இதற்குச் சரி. சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

பானட்டைத் திறந்தால், ஒவ்வொரு ப்ளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து மூன்று தடித்த வயர்கள் ஹெட்டுக்குப் போவது தெரியும். கழற்றுவதற்கு முன்னாலேயே டேப்பில் 1, 2, 3 என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்றுதானே, மறந்தா போகும் என்று நினைக்காதீர்கள். நடுவில் குக்கர் விசில் வந்து எழுந்து போனால் மறந்துபோகும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. முனையில் உள்ள ரப்பர் குல்லாயைப் பிடித்து, அரைச் சுற்று முன்னும் பின்னும் திருகி, பிறகு நேராக இழுக்க வேண்டும். வயரை இழுத்தால் உள்ளே இருக்கிற கார்பன் இழை அறுந்துவிடும், வெளியே தெரியவும் தெரியாது.

ப்ளக்கைச் சுற்றியுள்ள குழியில் மண்ணும் இலைத் தூளும் அடைந்திருக்கும். ப்ளக்கைக் கழற்றிய மறுகணம் அதெல்லாம் சிலிண்டருக்குள் விழும். அதனால் முதலில் கால் சுற்று மட்டும் தளர்த்தி, சைக்கிள் பம்பால் நன்றாக ஊதிவிட்டு, அப்புறம் முழுதாகக் கழற்றுங்கள். ஸ்பேனரை நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்து அழுத்தினால் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். கழற்றிய ப்ளக்கை டேப் நம்பர் வரிசையிலேயே துணியில் படுக்க வையுங்கள். நான் முட்டை அட்டையில் நிறுத்தி வைப்பேன், உருளாது.

அளப்பதற்கு முன்னால் முகத்தைப் பாருங்கள். பீங்கான் நுனி வெளிறிய பழுப்பாக, பால் சற்றுத் தூக்கலான டீ நிறத்தில் இருந்தால் உள்ளே எல்லாம் நலம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. என் வண்டியில் அப்படி ஒருமுறை ஆனதற்குக் காரணம், குளிர்காலத்தில் இழுத்த சோக் முழுதாகத் திரும்பாமல் நின்றது. ஏர் ஃபில்டர் அடைத்தாலும் அதே கரிதான். கரி ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் வால்வ் சீல் அல்லது ரிங் வழியாக ஆயில் ஏறுகிறது. அதற்குக் கேப் பார்த்துப் பயனில்லை, மெக்கானிக்கிடம் போக வேண்டும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் அதிகச் சூடு. மூன்று ப்ளக்கில் ஒன்று மட்டும் வேறு முகம் காட்டினால், அந்த சிலிண்டர் தனியாக ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

கரி லேசாக இருந்தால் பழைய டூத் பிரஷும் கொஞ்சம் பெட்ரோலும் போதும். எமரி பேப்பரை மடித்துக் கேப்பில் விட்டு இழுப்பதை நம் ஊரில் எல்லா இடத்திலும் செய்கிறார்கள். கொக்கியின் அடிப்பக்கம் உருண்டுபோகிற அளவுக்கு இழுக்காதீர்கள். பொறிக்குக் கூர்மையான ஓரம் பிடிக்கும், உருண்ட முனையிலிருந்து தாவ அதிக வோல்ட் கேட்கும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிற மெஷின் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அதில் கொடுத்தால் பீங்கானுக்கும் உறைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மணல் துணுக்கு தங்கும். அது பிறகு சிலிண்டருக்குள் விழும். மணலில் போடுகிற அளவுக்கு அழுக்கான ப்ளக் என்றால் புதிதே வாங்கிவிடலாம்.

இப்போது அளவு. இன்ஸ்பெக்‌ஷனில் எங்களுக்கு முதல் நாள் கற்றுக்கொடுத்தது கோ, நோ-கோ. ஒரு துளை சரியா என்று பார்க்க இரண்டு முனையுள்ள கேஜ். ஒரு முனை போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. இரண்டும் போனால் துளை பெரிது, இரண்டும் போகாவிட்டால் சின்னது. ப்ளக்குக்கும் அதையேதான் செய்கிறேன். புத்தகம் 0.7 முதல் 0.8 என்கிறது. 0.70 இலை தாராளமாகப் போக வேண்டும். 0.80 இலை போகக் கூடாது, போனாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். 0.75 லேசாக உரசிக்கொண்டு போனால் நடு அளவு. "கொஞ்சம் டைட்டா இருக்கற மாதிரி இருக்குது" என்கிற கைக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு இலைக் கணக்கு மாறாது.

இலையை எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு விடுங்கள். குச்சியின் தலைக்கு இணையாக, நேராக உள்ளே தள்ளுங்கள். சாய்த்தால் குறைத்துக் காட்டும். நெருக்கித் தள்ளினால் கொக்கி விரிந்து, நீங்கள் தள்ளிய இலைக்கு ஏற்ற கேப்பாகிவிடும். அப்புறம் எத்தனை தடவை அளந்தாலும் சரியாகத்தான் காட்டும்! 1.05 மாதிரி அளவு வேண்டுமென்றால் 0.50, 0.55 இரண்டு இலையையும் சேர்த்துப் பிடிக்கலாம், நடுவில் தூசி இல்லாமல்.

பழைய ப்ளக்கில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ப்ளக்கைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொக்கியின் அடிப்பக்கத்தில், குச்சிக்கு நேர் எதிரே, அம்மிக்கல் தேய்ந்த மாதிரி ஒரு குழி இருக்கும். தட்டையான இலை அந்தக் குழிக்குள் இறங்காது, ஓரத்து மேட்டில் தட்டி நின்றுவிடும். கேஜ் 0.80 காட்டும், பொறி தாண்டுகிற தூரம் உண்மையில் அதைவிட அதிகமாக இருக்கும். இதற்காகவே உருண்டைக் கம்பி வைத்த கேஜ் இருக்கிறது. அது கையில் இல்லையென்றால், குழி கண்ணுக்குத் தெரிகிற ப்ளக்கைச் சரிசெய்ய உட்காராமல் மாற்றிவிடுவது மேல். சாதா நிக்கல் ப்ளக்கை என் வண்டியில் இருபதாயிரத்தில் மாற்றிவிடுகிறேன்.

கேப் கூடியிருந்தால் குறைக்க வேண்டும். ப்ளக்கை நெட்டுக்குத்தாகத் தலைகீழாகப் பிடித்து, கொக்கியின் முதுகை ஒரு மரக்கட்டையில் மெதுவாகத் தட்டுங்கள். நான் பழைய கட்டில் கால் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். சிமெண்ட் தரை வேண்டாம், அப்பாவின் கல்லும் வேண்டாம். ஒரு தட்டு, ஒரு அளவு. பிறகு இன்னொரு தட்டு. இரண்டு தட்டு சேர்த்துத் தட்டினால் பெரும்பாலும் தாண்டிப் போயிருக்கும். இலையை உள்ளே வைத்துக்கொண்டே தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அடி இலை வழியாகக் குச்சிக்குப் போய், அதைத் தாங்குகிற பீங்கானுக்குப் போகும். இலையை எடுத்துவிட்டுத் தட்டுங்கள்.

கேப் குறைந்திருந்தால் கொக்கியை விரிக்க வேண்டும். இங்கேதான் ஸ்க்ரூ டிரைவர் ஆபத்து. குச்சியின் தலையிலோ பீங்கானிலோ ஊன்றி நெம்பினால் பீங்கான் நுனி தெறிக்கும். சில ஃபீலர் கேஜ் செட்டில் ஓரத்தில் வெட்டு உள்ள ஒரு பட்டை இருக்கும். அந்த வெட்டைக் கொக்கியில் மாட்டி, குச்சியைத் தொடாமல் மேலே தூக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மூக்குக் குறடால் கொக்கியை மட்டும் பிடித்து, முழங்கை மாதிரி வளைகிற இடத்திலிருந்து மேலே அசையுங்கள். முன்னும் பின்னும் பலமுறை வளைக்க வேண்டாம். கம்பியை அப்படி வளைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், இங்கே அது உடைந்து விழுகிற இடம் சிலிண்டருக்குள். முடித்ததும் பக்கவாட்டில் ஒரு பார்வை: கொக்கியின் அடியும் குச்சியின் தலையும் மாடியும் தரையும் போல நேருக்கு நேர் நிற்க வேண்டும்.

நடுவில் ப்ளக் கை தவறி சிமெண்ட் தரையில் விழுந்தால், மனசைத் தேற்றிக்கொண்டு ஓரம் வையுங்கள். விரிசல் வெளியே தெரியாது. அந்த வழியாகப் பொறி கேப்பைத் தாண்டாமல் உள்ளேயே கசிந்துபோகும். வண்டியில் போட்டுவிட்டு அப்புறம் காயில், வயர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்போம்.

இனி ஹோஸ் துண்டு. திருப்பிப் போடும்போது ஸ்பேனரில் வைத்துத் திருகத் தொடங்காதீர்கள். நான் ஒருமுறை, கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், அப்படிச் செய்து குறுக்கு மரை ஏற்றிவிட்டேன். ஸ்பேனரின் பிடி நீளத்துக்கு, மரை தப்பாக ஏறுவது கைக்கே தெரியவில்லை. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, வேற யாராச்சும் கை வெச்சாங்களா?" என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மரைக்கு உள்ளே புதுசாகக் கம்பிச் சுருள் போட்டு எடுக்க ஒரு நாள் வண்டி அங்கேயே நின்றது, கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனோம். அன்றிலிருந்து ஹோஸ்தான். ப்ளக்கின் மேல் முனையில் ரப்பரைச் செருகி, விரலால் உருட்டி உருட்டி இறக்க வேண்டும். மரை சரியாக உட்கார்ந்தால் சுகமாக இறங்கும். குறுக்கே ஏறினால் ரப்பர் வழுக்கிச் சுற்றுமே தவிர, ப்ளக் திரும்பாது.

கையால் கடைசி வரை இறக்கி, வாஷர் ஹெட்டில் முட்டி நின்றதும் ஸ்பேனர். புது ப்ளக் என்றால் அதிலிருந்து அரைச் சுற்று. வாஷர் நசுங்கி உட்கார அவ்வளவு வேண்டும். ஏற்கனவே போட்டுக் கழற்றிய ப்ளக் என்றால் வாஷர் முன்பே நசுங்கிவிட்டது. கடிகாரத்தில் மணிமுள் ஒரு மணி நேரத்தில் நகர்கிற தூரம் போதும். டார்க் ரென்ச் (முறுக்குகிற விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் 25 நியூட்டன் மீட்டரை ஒட்டி வையுங்கள். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டியதில்லை. தடவினால் அதே டார்க்குக்கு ப்ளக் அதிகமாக முறுகிவிடும். வயரை நம்பர்படி மாட்டி, ரப்பர் குல்லாய் "டக்" என்று உட்காரும் வரை அழுத்துங்கள்.

ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டுக் கேளுங்கள். மூன்று சிலிண்டர் வண்டிக்கு இயல்பாகவே ஒரு தள்ளாட்டம் உண்டு, அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஒன்று விட்டு ஒன்று அடிக்கிறது என்றால் வயர் சரியாக உட்கார்ந்ததா, இடம் மாறியதா என்று முதலில் பாருங்கள். ஓடுகிற வண்டியில் ஒவ்வொரு வயராகப் பிடுங்கி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கிற பழைய வித்தையைச் செய்யாதீர்கள். கையில் அடிக்கும். சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டி என்றால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும்.

தங்கை மகனின் ஆல்ட்டோ கதையையும் சொல்லிவிடுகிறேன். அவன் யாரோ ஒருவரிடம் சர்வீஸ் விட்டு வந்தான். சாலையில் நன்றாக ஓடுகிறது, சிக்னலில் நின்றால் மட்டும் ஸ்டீயரிங் வரை நடுங்குகிறது. "பெரியம்மா, இன்ஜின் மவுண்டிங் போயிருச்சுன்னு சொல்றாங்க" என்று வந்து நின்றான். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றிலும் 0.65. எந்த மைக்ரோமீட்டரும் எடுக்காமலேயே அது யாருடைய அளவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வண்டியின் புத்தகத்தில் 1.0 முதல் 1.1 என்றிருந்தது. கொக்கியைத் திரும்ப விரிப்பதை விட்டுவிட்டுச் சரியான ப்ளக் மூன்று வாங்கச் சொன்னேன். கோ இலை 1.00, நோ-கோவுக்கு 0.55உம் 0.60உம் சேர்த்து 1.15. மூன்றும் தேறின, போட்டோம். நடுக்கம் நின்றது. மவுண்டிங் செலவு மிச்சம்.

இதைப் படித்துவிட்டு, ப்ளக்குக்கு மேலேயே காயில் உட்கார்ந்திருக்கிற புது வண்டிக்காரர்கள் கேஜைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். அவற்றில் பலவற்றில் இரிடியம் ப்ளக். நடுக்குச்சி ஊசி மாதிரி மெல்லியது, கொக்கியில் சில சமயம் பிளாட்டினப் பொட்டு ஒட்டியிருக்கும். இலையை உள்ளே விட்டு இழுத்தாலே உடையலாம். வாங்கும்போது நம்பர் சரியா என்று பாருங்கள், கண்ணால் பார்த்துக் கொக்கி நசுங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், தட்டவோ விரிக்கவோ வேண்டாம். எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்ட வண்டிக்கும் இந்த அளவுகள் பொருந்தாது. வாயுவுக்குப் பொறி தாவ இன்னும் அதிக வோல்ட் கேட்கும் என்பதால் கேப்பைக் குறைத்து வைப்பார்கள். கிட் போட்டவரிடம் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதுவது என்றதும் ஞாபகம் வருகிறது. என் க்ளவ் பாக்ஸில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. தேதி, கிலோமீட்டர், மூன்று ப்ளக்கின் கேப், கழற்றும்போது ஒரு பத்தி, போடும்போது ஒரு பத்தி, முகம் எந்த நிறம் என்று ஒரு வார்த்தை. கடைசியாக எழுதிய வரியில் இரண்டாம் ப்ளக் மட்டும் 0.85, மற்ற இரண்டும் 0.80. இரண்டாவதன் முகமும் கொஞ்சம் கறுப்பு. அடுத்த தடவை கழற்றும்போது அந்த ப்ளக்கை மூன்றாவது இடத்துக்கு மாற்றிப் போடப்போகிறேன். கறுப்பு ப்ளக்கோடு போகிறதா, சிலிண்டரிலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.